வாசகர் கேள்வி – பதில்: இரைச்சலைத் துரத்திய காலமும் நேரத்தைக் காக்கும் காலமும்

சென்ற இதழில் பழைய தொலைபேசி இணைப்பகங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, குரலை மின்னலையாகவே அனுப்பும் அனலாக் முறையிலிருந்து, அதை எண்களாக்கி அனுப்பும் டிஜிட்டலுக்கும் செயற்கைக்கோளுக்கும் தொலைத்தொடர்பு மாறியது குறித்து வாசகர்கள் நிறையக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

பழைய தொலைபேசியிலும் குரல் நன்றாகத்தான் கேட்டது. பிறகு எதற்காக இத்தனை செலவு செய்து எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கினார்கள்? குரல் தெளிவுக்காகவா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்*

பக்கத்துத் தெருவுக்குப் பேசுவதற்கு டிஜிட்டல் தேவையே இல்லை, ஐயா. நல்ல செம்புக் கம்பியில் போன அனலாக் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் தூரத்தில்தான் இருந்தது.

கம்பியில் போகும் குரல் போகப் போகத் தேய்கிறது. ஆகவே வழியில் ஆங்காங்கே மின்பெருக்கிகளை வைத்து அதை உயர்த்த வேண்டும். ஆனால் பெருக்கிக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. வந்த இரண்டையும் சேர்த்தே உயர்த்தும். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் கூட்டி அனுப்பும். அடுத்த பெருக்கி அந்த மொத்தத்தையும் மீண்டும் உயர்த்தும். 1956-இல் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே திறக்கப்பட்ட டாட்-1 என்னும் முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிளில், ஒரு திசைக்கு 51 பெருக்கிகள் கடலடியில் கிடந்தன. தொடக்கத்தில் அது சுமந்தது வெறும் 36 உரையாடல்களை. அந்த 51 பெருக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் இரைச்சலை ஓர் எல்லைக்குள் அடக்குவதற்காக, அவற்றினுள் இருந்த ஒவ்வொரு வெற்றிடக் குழாயையும் பொறுக்கியெடுத்துச் சோதித்த பொறியாளர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. அந்தக் கேபிள் 22 ஆண்டுகள் வேலை செய்தது.

டிஜிட்டல் முறையில் அதே இடத்தில் இருப்பது பெருக்கி அல்ல, மீளாக்கி. அதன் முன் வருவது ‘துடிப்பு இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றுதான். தேய்ந்தும் நசுங்கியும் இரைச்சல் ஒட்டியும் வந்தாலும், அது எது என்று தீர்மானிக்க முடிகிற அளவுக்கு இருந்தால் போதும். மீளாக்கி பழைய துடிப்பைக் கீழே போட்டுவிட்டுப் புத்தம்புதிய துடிப்பை உருவாக்கி அனுப்பிவிடும். அதுவரை சேர்ந்த அழுக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. இரைச்சல் தூரத்தோடு குவியாமல், ஒவ்வொரு மீளாக்கியிலும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. இந்த மாற்றத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் உறுதியான கருத்து; குரல் தெளிவு, விலைக் குறைவு, கணினித் தொடர்பு எல்லாம் இதன் பின்னால் வந்தவை.

இந்த எண்ணம் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளருக்கு 1937-இல், பாரிஸில் வேலை செய்த காலத்திலேயே தோன்றிவிட்டது. ஆனால் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதைச் செய்தால் செலவும் சூடும் கட்டுப்படியாகாது. 1947-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்து, அது மலிந்து, 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி-1 என்ற அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவரும் வரை, அதாவது கால் நூற்றாண்டு, அந்த எண்ணம் காத்துக்கிடந்தது. டி-1 இரண்டு இணைக் கம்பிகளில் 24 குரல்களை ஏற்றியது. நகரத்தின் தரையடிக் குழிகளில், பழைய அனலாக் இணைப்புகளுக்காக 6,000 அடிக்கு ஒன்றாகக் கம்பிச் சுருள்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு அதே குழிகளில் மீளாக்கிகளைப் பொருத்தினார்கள். புதிதாகத் தெருவைத் தோண்டாமல், கிடந்த கம்பியிலேயே பல மடங்கு உரையாடல்கள் போயின.

ஒரு தொலைபேசிக் குரலுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் என்று பாடப்புத்தகத்தில் வருகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது?
*– பொறியியல் முதலாண்டு மாணவி*

மனப்பாடம் செய்யாமல் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, மகிழ்ச்சி. தொலைபேசியில் குரலின் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான் அனுப்புகிறோம். பேச்சு புரிவதற்கு அது போதும். ஓர் அலையைச் சிதையாமல் மீட்டெடுக்க, அதன் உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுக்க, அதாவது அதன் அளவை அவ்வப்போது அளந்து குறிக்க, வேண்டும். நைக்விஸ்ட் என்ற பொறியாளர் 1928-இல் இதற்கு அடிகோலினார். ஷானன் என்ற கணிதவியலாளர் பின்னர் அதற்கு முழு வடிவம் தந்தார். வடிகட்டிக்குக் கொஞ்சம் இடம்விட்டு உச்சத்தை 4,000 என்று கொண்டால், வினாடிக்கு 8,000 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியையும் 8 பிட்டுகளில், அதாவது ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற எட்டுக் குறிகளில், எழுதினால் 64,000.

ஏன் 8 பிட் என்பது இன்னும் சுவையானது. 8 பிட்டுக்கு 256 படிகள்தான் உண்டு. உண்மையான குரலின் அளவு இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால், அருகிலிருக்கும் படிக்கு அதைத் தள்ளிவிடுகிறோம்; அந்தப் பிழை காதுக்கு இரைச்சலாகக் கேட்கும். ஒரு பிட்டைக் கூட்டினால் இந்த இரைச்சல் சுமார் 6 டெசிபெல் குறையும். 256 படிகளையும் சம இடைவெளியில் வைத்தால், உரக்கப் பேசுபவரின் குரல் பல படிகளில் ஏறி இறங்கும். மெல்லப் பேசுபவரின் குரலோ அடியிலுள்ள நாலைந்து படிகளுக்குள் சிக்கிக் கரகரக்கும். அதனால் அடியில் படிகளை நெருக்கியும் உயரப் போகப் போக அகலமாகவும் அமைத்தார்கள். வட அமெரிக்காவும் ஜப்பானும் இதற்கு மியூ-விதியையும், பிற நாடுகளில் பெரும்பாலானவை ஏ-விதியையும் பின்பற்றின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டிஜிட்டலில் இரைச்சலே இல்லை என்று சொல்வது தவறு. குரலை எண்ணாக மாற்றும் அந்த முதல் இடத்தில், தெரிந்தே ஓரளவு பிழையை ஏற்றுக்கொள்கிறோம். அதன்பின் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் அந்தப் பிழை கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் இம்முறையின் ஆதாயம்.

இணைப்பகத்துக்குள் உண்மையில் என்ன மாறியது?
*– தொலைபேசித் துறையில் தந்தை பணியாற்றிய ஒரு வாசகர்*

உங்கள் தந்தையார் ஸ்ட்ரௌஜர் இணைப்பகத்தில் வேலை செய்திருந்தால், அந்தச் சத்தத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அல்மன் ஸ்ட்ரௌஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற, இணைப்பைத் தேடிக் கொடுக்கும் ‘தேர்வி’ என்ற கருவியில், நீங்கள் 7 என்று சுழற்றினால் ஏழு மின்துடிப்புகள் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கம்பம் ‘டக்’ என்று ஒரு தட்டு மேலேறும். பிறகு பக்கவாட்டில் திரும்பிக் காலியான தொடுமுனையைத் தேடும். பகல் பதினோரு மணிக்கு அந்தக் கூடத்தில் நின்றால் ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போலிருக்கும். சத்தத்தில் தாளம் பிசகினால், எந்த வரிசையில் எந்தத் தேர்வி சிக்கியிருக்கிறது என்பதை மூத்த தொழில்நுட்பர்கள் திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்கள். தொடுமுனைகளில் தூசி படிந்தால் பேச்சில் கரகரப்பு. துடைப்பதும் எண்ணெயிடுவதும் இடைவெளியை அளப்பதுமே அன்றாட வேலை.

டிஜிட்டல் இணைப்பகத்தில் எதுவும் நகர்வதில்லை. 125 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை, 32 பெட்டிகள் கொண்ட ஒரு தொடர்வண்டி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முப்பது பெட்டிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு குரலின் 8 பிட்டுகள்; மற்ற இரண்டும் வண்டியை ஒழுங்குபடுத்தும் குறிப்புகளுக்கு. ஐந்தாம் பெட்டியில் வரும் உங்கள் குரல் பத்தொன்பதாம் பெட்டியில் இருக்கும் உங்கள் நண்பருக்குப் போக வேண்டுமென்றால், வண்டி முழுவதையும் நினைவகத்தில் வரிசையாக எழுதிவிட்டு, வேறு வரிசையில் படித்தால் போதும். வினாடிக்கு 8,000 முறை இந்த இடமாற்றம் நடக்கிறது. இரண்டு கம்பிகளைத் தொடவைப்பதுதான் இணைப்பு என்றிருந்தது, எழுதிய வரிசைக்கும் படிக்கும் வரிசைக்கும் உள்ள வேறுபாடாக மாறிவிட்டது.

ஒரே நாளில் இது வந்துவிடவில்லை. 1965-இல் நியூஜெர்சியில் தொடங்கிய மின்னணு இணைப்பகத்தில் கட்டுப்படுத்தும் மூளை கணினி. குரல் போன வழியோ உலோகத் தொடுமுனைகள். குரலையே எண்களாக வைத்து மாற்றிய முதல் பொது இணைப்பகம் 1970-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் செயல்பட்டது. கம்பியிலும் டிஜிட்டல், இணைப்பகத்திலும் டிஜிட்டல் என்றான பிறகுதான் இடையிடையே எண்ணைக் குரலாகவும் குரலை எண்ணாகவும் மாற்றும் கருவிகள் தேவையற்றுப்போயின. பெரும் சேமிப்பு அப்போதுதான் கைக்கு வந்தது.

செயற்கைக்கோள் வந்ததால்தான் டிஜிட்டல் வந்தது என்று படித்தேன். சரியா?
*– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்*

சரியல்ல. இரண்டும் தனித்தனியே பிறந்து, பின்னாளில் ஒன்றுசேர்ந்தவை. புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும்படி, நிறுத்திய கோள்களைக் கொண்டு உலகை இணைக்கலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் எழுதியது 1945-இல். டெல்ஸ்டார் என்ற தொடர்புக் கோள் 1962 ஜூலையில் ஏவப்பட்டது. 2 மணி 37 நிமிடத்தில் பூமியைச் சுற்றிய அது, அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது ஒரு சுற்றில் சுமார் 20 நிமிடம் மட்டுமே. 1965 ஏப்ரலில் சென்ற ‘ஏர்லி பேர்ட்’ வணிக முறையில் இயங்கிய முதல் புவிநிலைத் தொடர்புக் கோள்; 240 தொலைபேசி இணைப்புகளோ ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்போ அதில் போகும். இவை எல்லாமே அனலாக் முறையில், அதிர்வெண் பண்பேற்றத்தில் (எஃப்.எம்.) இயங்கியவை.

பிறகு ஏன் கோள்களும் டிஜிட்டலுக்கு மாறின? காரணம், விண்ணிலுள்ள பெருக்கியின் ஆற்றல் அரிது. பல நிலையங்கள் தத்தம் அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் அந்தப் பெருக்கிக்குள் நுழைந்தால், அவை ஒன்றோடொன்று கலந்து வேண்டாத அதிர்வெண்களை உண்டாக்கும். அதைத் தவிர்க்கப் பெருக்கியை முழுத் திறனில் ஓட்டாமல் அடக்கி ஓட்ட வேண்டும். டிஜிட்டலில் நிலையங்கள் முறைவைத்து, மில்லி வினாடிக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசலாம். ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது ஒருவரின் குறிகை (சிக்னல்) மட்டுமே என்பதால் முழு ஆற்றலையும் பயன்படுத்தலாம். பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான இன்டெல்சாட் 1980-களில் வினாடிக்கு 120 மெகாபிட் வேகத்தில் இதைச் செய்தது. தொலைக்காட்சியில் ஆதாயம் இன்னும் வெளிப்படை: கோளில் குறிகையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில், 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒன்றில் அனலாக் முறையில் பெரும்பாலும் ஒரே சேனல்தான் போனது, 1990-களில் படத்தைச் சுருக்கும் முறைகள் வந்தபின், அதே இடத்தில் ஐந்தாறு சேனல்களுக்கு மேல் ஏற்ற முடிந்தது.

செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது மறுமொழி தாமதமாக வருகிறது. டிஜிட்டலாக்கியும் ஏன் போகவில்லை?
*– வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசும் ஒரு தாய்*

அம்மா, அந்தத் தாமதம் கருவியின் குறையன்று, தூரத்தின் கணக்கு. புவிநிலைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானொலி அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும், ஏறி இறங்கக் கால் வினாடி ஆகிறது. நீங்கள் கேட்ட கேள்வி போய்ச் சேரக் கால் வினாடி, மகனின் விடை திரும்பி வரக் கால் வினாடி. அந்த அரை வினாடி மௌனத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும் என்று நீங்கள் மீண்டும் பேசத் தொடங்க, அதே நேரத்தில் அவர் விடையும் வந்து மோதும்.

முன்பு இதைவிடத் தொல்லையாக இருந்தது எதிரொலி. உங்கள் குரல் மறுமுனையில், வீட்டுக்குப் போகும் இரண்டு கம்பியும் நெடுந்தூர வழியின் நான்கு கம்பியும் சேரும் இடத்தில் கொஞ்சம் கசிந்து, அரை வினாடி கழித்து உங்கள் காதுக்கே திரும்பி வரும். தன் குரலே இப்படிப் பின்தொடர்ந்தால் யாருக்கும் பேச்சு தடுமாறும். எதிரொலியின் வடிவத்தைக் கணித்து, அதே அளவைக் கழித்துவிடும் கருவிகளை டிஜிட்டல் சில்லுகளே நடைமுறைக்குக் கொண்டுவந்தன. தாமதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கோள்தான் கீழே இறங்கி வர வேண்டும். 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 கோள்களோடு 1998-இல் இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவை தொடங்கியது. இணையச் சேவை தரும் இன்றைய ஸ்டார்லிங்க் கோள்கள் அதைவிடவும் தாழச் சுற்றுகின்றன. அங்கே ஏறி இறங்கச் சில மில்லி வினாடிகளே ஆகும். ஆனால் தாழப் பறக்கும் கோள் வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால், சில நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் இணைப்பு ஒரு கோளிலிருந்து அடுத்ததற்குக் கைமாற வேண்டும். அதனால்தான் ஒன்றிரண்டு போதாமல் நிறையக் கோள்கள் தேவைப்படுகின்றன.

முன்பெல்லாம் மழை பெய்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்; இப்போது திடீரென்று உறைந்து நின்றுவிடுகிறது. இது முன்னேற்றமா?
*– ஒரு வாசகி*

ஞாயமான கேள்வி. வீட்டுத் தட்டு ஆன்டெனாக்கள் பெரும்பாலும் வாங்கும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அகலமுள்ள மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. ஏழரை சென்டிமீட்டர் நீளமுள்ள 4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இதே மழை அவ்வளவாகத் தொல்லை தராது. இன்னொன்றும் உண்டு: தெளிந்த வானம் ஆன்டெனாவுக்குக் குளிர்ந்த, அமைதியான பின்னணி, மழை மேகமோ தரையளவு வெப்பத்தோடு தானும் இரைச்சலை உமிழ்கிறது. ஆக, குறிகை இறங்கும் அதே நேரத்தில் இரைச்சல் ஏறுகிறது.

அனலாக் அதைப் படத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது. டிஜிட்டலில் பிழைதிருத்தக் குறியீடுகள் ஓர் எல்லைவரை எல்லாப் பிழையையும் மறைத்துவிடுகின்றன; எல்லை தாண்டியதும் மொத்தமாகக் கைவிடுகின்றன. மெல்ல மெல்லக் கெடுவதை எச்சரிக்கையாகக் காட்டும் பண்பை நாம் இழந்துவிட்டோம் என்பது உண்மை. பராமரிப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஈடாகக் கிடைத்தது, இரைச்சலின் விளிம்புவரை போய் வேலை வாங்கும் திறன். பொறியாளர் ராபர்ட் கல்லகர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்த ஒரு குறியீட்டு முறை, அன்றைய கருவிகளுக்குப் பெரும்பாரமாகி நீண்ட காலம் கிடப்பில் கிடந்தது. இன்றைய செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தில் அதுதான் உழைக்கிறது. இரைச்சலுள்ள வழியில் பிழையின்றி எவ்வளவு அனுப்ப முடியும் என்று ஷானன் 1948-இல் கணித்த உச்ச எல்லையை அது மிக நெருங்கிவிட்டது.

மார்ச், செப்டம்பரை ஒட்டிச் சில நாட்கள், வெயில் அடிக்கும்போதே சில நிமிடம் படம் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்போது சூரியன் சரியாகக் கோளுக்குப் பின்னால் வந்து ஆன்டெனாவுக்குள் தன் இரைச்சலைக் கொட்டுகிறது. தானாகவே சரியாகிவிடும்; தட்டைத் திருப்ப வேண்டாம்.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் 2 மெகாபிட் இணைப்பில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்கிறது. தொலைநகலும் பாதியில் அறுபடுகிறது. அளந்து பார்த்தால் குறிகையின் அளவு சரியாக இருக்கிறது, இரைச்சலும் இல்லை. கேபிளையும் அட்டைகளையும் மாற்றிவிட்டோம்.
*– இளம் பொறியாளர் ஒருவர்*

தம்பி, இதே குறையோடு நான் மூன்று வாரம் போராடியிருக்கிறேன். அனலாக்கில் பழகிய மனம் முதலில் கம்பியைத்தான் சந்தேகப்படும். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துடைத்து, புதிய கேபிள் இழுத்து, அட்டைகளை மாற்றி, ஒன்றும் பலிக்காமல் ஓர் இரவு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ‘டிக்’ ஒலிகளுக்கு இடையிலான நேரத்தைக் குறித்தேன். 125 வினாடி. மறுபடியும் 125 வினாடி. மழை, காற்று, தளர்ந்த திருகு எதுவும் இப்படி ஒழுங்காகக் குறை செய்யாது.

கணக்கைப் பாருங்கள். முன்பு சொன்ன 32 பெட்டித் தொடர்வண்டியைத்தான் ‘சட்டகம்’ என்கிறோம்; ஒரு சட்டகத்தின் நீளம் 125 மைக்ரோ வினாடி. இரு முனைகளின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டால், வினாடிக்கு ஒரு மைக்ரோ வினாடி பிந்தும். 125 வினாடியில் ஒரு முழுச் சட்டகம் மிஞ்சும் அல்லது குறையும். வரும் பிட்டுகளைச் சற்று நேரம் வைத்திருக்கும் இடைத்தேக்கம் நிரம்பியதும் கருவி ஒரு சட்டகத்தை அப்படியே தள்ளிவிடும். அது காலியானாலோ ஒன்றை இரண்டு முறை படிக்கும். இதை ‘ஸ்லிப்’ என்கிறோம். பேச்சில் அது ஒரு ‘டிக்’. தொலைநகலுக்கும் மோடத்துக்கும் அது அறுபடல். இணைப்பகங்களுக்கு இடையே பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு பிசகும் கடிகாரங்களை வைத்தால், எதிரெதிராகப் பிசகும் இரண்டுக்கு இடையே ஸ்லிப் ஏற்பட எழுபது நாளுக்கு மேல் ஆகும். பன்னாட்டுத் தரம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

உங்கள் கருவியின் அமைப்புப் பக்கத்தில் கடிகார மூலம் என்ற வரியைத் திறந்து பாருங்கள். அது ‘உள்’ என்று இருந்தால் ‘இணைப்பு வழி’ என்று மாற்றி, வெளியிலிருந்து வரும் துடிப்பிலிருந்தே நேரத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறதென்றால், மறுமுனையிலுள்ள கருவியும் உங்களிடமிருந்தே நேரத்தை எடுக்கிறதா என்று அவர்களைக் கேளுங்கள். ஒருவரையொருவர் பார்த்து நேரம் வைக்கும் இரண்டு கடிகாரங்களும் சேர்ந்தே வழிதவறும். அதுவும் இல்லையென்றால், மேல்நிலை இணைப்பகம் எங்கிருந்து நேரம் பெறுகிறது என்று விசாரியுங்கள். பல இடங்களில் அது கூரைமேல் உள்ள சிறு ஆன்டெனா வழியாக, வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரத்திலிருந்து வருகிறது. எனக்குக் குறை அங்கேதான் அகப்பட்டது: கூரையில் வேறொரு வேலைக்குப் போனவர்கள் அந்த ஆன்டெனாவின் கம்பியைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட மறந்திருந்தார்கள். இணைப்பகம் அதன்பின் சில வாரங்களாகத் தன் சொந்தக் கடிகாரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.